மழைக்கு மறுநாள் வி.எச்.எஃப். ரேடியோ செட்டில் கரகரப்பு

கடலூர் துறைமுகத்தில் நிற்கும் உங்கள் விசைப்படகில், மழை பெய்த மறுநாளெல்லாம் ரேடியோவின் 16-ஆம் சேனலில் (அவசர அழைப்புக்கான சேனல்) கரகரப்புதான் என்று எழுதியிருந்தீர்கள். செட்டைக் கழற்றாதீர்கள் அண்ணே. முதலில் ஆன்டெனா அடியில் இருக்கும் பி.எல்.259 கனெக்டரை, அதாவது கேபிள் முனையில் திருகி மாட்டும் பிளக்கை, திறந்து பாருங்கள். அது தண்ணீர் புகாத வகை இல்லை. உள்ளே கேபிளின் கம்பி வலை கறுத்திருந்தால், பளிச்சென்று கம்பி தெரியும்வரை கேபிளை வெட்டிவிட்டு, கனெக்டரைப் புதிதாக ஈயப் பற்று வையுங்கள். அப்புறம் கனெக்டர்மேல், தன்மேலேயே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப். நன்றாக இழுத்து, கீழிருந்து மேலாக, ஒரு சுற்றின் பாதிமேல் அடுத்தது ஏறும்படி சுற்றுங்கள், ஓடு வேய்வது போல. மேலிருந்து சுற்றினால் ஒவ்வொரு விளிம்பும் தண்ணீரை உள்ளே வாங்கும். வெயில் தாங்க அதன்மேல் கறுப்பு பி.வி.சி. டேப். வினிகர் வாசனை அடிக்கும் சிலிகான் வேண்டவே வேண்டாம், செம்பை அரித்துவிடும். கேபினுக்குள் நுழையும் முன் கேபிளைக் கொஞ்சம் தொங்கவிடுங்கள். தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.