மேடையில் பேச்சாளரை அறிமுகம் செய்வது எப்படி?

கேள்வி: எங்கள் ஊரில் நடக்கும் கொங்கு மரபுக் கருத்தரங்கில் ஆறு பேச்சாளர்களை அறிமுகம் செய்யும் பொறுப்பு எனக்கு. என்ன சொல்வது, எவ்வளவு நேரம் எடுப்பது?
– வாசகர், ஈரோடு

பதில்: ஆளுக்கு ஒரு நிமிடம் போதும். எழுதிப் பார்த்தால் 80, 90 சொற்கள். மூன்று நிமிடம் எடுத்தால் ஆறு பேருக்கு 18 நிமிடம். கடைசிப் பேச்சாளரின் நேரம்தான் பறிபோகும். எல்லாரையும் தொடக்கத்திலேயே மொத்தமாக அறிமுகம் செய்யாதீர்கள். நான்காமவர் எழும்போது அவர் யாரென்று அவையில் ஒருவருக்கும் நினைவிருக்காது.

தன்விவரக் குறிப்பை அப்படியே வாசிப்பதுதான் பெரிய தொல்லை. பட்டம், விருது, நூல்களின் எண்ணிக்கை எதுவும் வேண்டாம். அன்றைய தலைப்பை ஒட்டிய ஒரே ஒரு பணியைச் சொல்லுங்கள். தலைப்பு அறச்சலூர் கல்வெட்டு என்று வையுங்கள். "ஈரோடு மாவட்டம் அறச்சலூரில், பாறையில் இசை எழுத்துகள் வெட்டப்பட்டிருக்கின்றன. அவற்றை நேரில் படியெடுத்தவர் இப்போது பேசுகிறார்" என்று தொடங்கி, பெயரைக் கடைசியில் சொல்லுங்கள். கைதட்டலும் சரியான இடத்தில் விழும். அந்த எழுத்துகளை நீங்களே வாசித்து விளக்கிவிடாதீர்கள். அது அவருடைய வேலை.

கல்வெட்டியலாளரை அகழாய்வாளர் என்றால் அவரே முகம் சுளிப்பார். நாணயவியலாளர் வேறு. முன்னெழுத்து, ஊர், பணியில் இருக்கிறாரா ஓய்வு பெற்றவரா என்பதை ஒரு வாரம் முன்பே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். அழைப்பிதழை நம்பாதீர்கள், அச்சுப்பிழை அங்கிருந்துதான் மேடையேறுகிறது. பொன்னாடையைப் பேச்சு முடிந்தபின் போர்த்தலாம்.