பூக்கும் நேரமும் ஒரு வேலிதான்

பாகல் கொடிக்குப் பக்கத்தில் வைத்ததால்தான் வெள்ளரி கசக்கிறது என்கிறார் மாமியார். உண்மையா?

இல்லை. இரண்டும் வேறு பேரினங்கள்; பாகல் மகரந்தம் வெள்ளரிப் பூவில் விழுந்தாலும் கரு பிடிக்காது. கசப்பு வெள்ளரிக்கே உள்ள குணம். தண்ணீர் குறைந்து வெயில் ஏறினால் கூடும். இதை மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்பது என் துறை அல்ல.

பீர்க்கும் நுரைப்பீர்க்கும் ஒரே பந்தலில் படர்கின்றன. கலந்துவிடுமா?

கலக்கக்கூடிய உறவுதான். கையால் மகரந்தம் தடவினால் காய் பிடிக்கும். குறுக்கே நிற்பது நேரம். பந்தலடியில் நின்று பாருங்கள்: நுரைப்பீர்க்கு விடிகாலையில் விரியும், பீர்க்கு பொழுது சாயும்போதுதான் இதழ் திறக்கும். ஆனால் இந்த வேலியில் சந்து உண்டு. விதைக்கு விடுவதாக இருந்தால் பெண் மொட்டுக்கு முன்கூட்டியே உறை போட்டு, அதே இனத்து ஆண் பூவைத் தடவுங்கள்.

கருங்கண்ணிப் பருத்தியை அமெரிக்கப் பருத்தியோடு கலக்க முடியாதா?

நம் நாட்டுப் பருத்தியான கருங்கண்ணிக்கு 26 குரோமோசோம் (மரபுப் பண்புகளைச் சுமக்கும் இழை), மற்றதற்கு 52. பாதிப் பாதி சேர்ந்தால் பிள்ளைக்கு 39. ஜோடி சேராமல் மகரந்தம் பதராகும். செடி தளதளவென்று நிற்கலாம். விதையை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

கலப்பு மலடு என்றால், அதிலிருந்து புது இனம் எப்படிப் பிறக்கும்?

இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் கடலோரச் சேற்றில் நடந்ததைச் சொல்கிறேன். அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த ஸ்பார்ட்டினா என்ற புல், அங்கிருந்த ஐரோப்பியப் புல்லோடு கலந்தது. 1870இல் கண்டெடுத்த அந்தக் கலப்பு மலடு. கிழங்கு வேர் விட்டுத்தான் பரவியது. அடுத்த இருபது, முப்பது ஆண்டுகளுக்குள் அதன் குரோமோசோம்கள் ஒரு செடியில் தற்செயலாக இரட்டித்தன. ஒவ்வொன்றுக்கும் ஜோடி கிடைத்தது, விதை பிடித்தது. பெற்றோரோடு கலந்தால் மீண்டும் மலடுதான், ஆக ஒரே தாவலில் தனி இனம். தாய்ப்புல்லும் தந்தைப்புல்லும் நிற்க முடியாத சேற்றிலும் அது வேரூன்றியது. பின்னர் சேற்றை நிலமாக்க மனிதர்களே அதைப் பல நாடுகளில் நட்டு, இன்று பல இடங்களில் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

கலப்பால் உழவருக்கு என்ன லாபம்?

கோவையைக் கேளுங்கள். 1912இல் அங்கே தொடங்கிய கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில், தித்திப்பான தடிக் கரும்போடு ஆற்றங்கரை நாணலைச் சேர்த்தார்கள். நாணலில் சர்க்கரை சொற்பம். ஆனால் வறட்சிக்கும் வெள்ளத்துக்கும் அசையாது. அப்படிப் பிறந்து 1918இல் வெளிவந்த கோ 205 என்ற கரும்பு ரகம் வட இந்திய வயல்களில் நின்று காட்டியது. கரும்பைக் கரணையாக, அதாவது தண்டுத் துண்டாக, நடுவதால் விதை பிடிக்குமா என்ற கவலையும் இல்லை.