சிர்க்கோனியம் ஏன் குறைகிறது?

வணக்கம். குன்னூர் சார்னகைட்டுப் பாறைக்கு, எக்ஸ்-கதிரால் அளக்கும் எக்ஸ்ஆர்எஃப் 240 பிபிஎம் (பத்து லட்சத்தில் 240 பங்கு) சிர்க்கோனியம் காட்ட, கல்லைக் கரைத்து அளக்கும் ஐசிபி-எம்எஸ் 90தான் காட்டுகிறது என்று எழுதியிருந்தீர்கள். கருவியைத் திட்டாதீர்கள், பாவம் அது. தப்பு கரைப்பதில்.

திறந்த பீக்கரில் ஹைட்ரோபுளோரிக், நைட்ரிக் அமிலம் ஊற்றிச் சூடாக்கினால் ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும் கரையும், சிர்க்கோனியத்தை வைத்திருக்கும் சிர்க்கான் என்ற கனிமம் அசையாது. கரைசலைச் சுழற்றிவிட்டு, குழாயின் அடியை லென்ஸில் பாருங்கள். மின்னும் பொடிமணி கிடந்தால் அதுதான் ஆள். அதற்குள் இருக்கும் ஹாஃப்னியமும் கணக்கில் வராமல் கூடவே போயிருக்கும். இட்டெர்பியம், லுட்டீசியத்திலும் கொஞ்சம்.

நானும் ஊட்டிக் கல்லில் இப்படி ஒரு மாதம் தொலைத்தவன். பிறகு லித்தியம் மெட்டாபோரேட் என்ற உருக்கு உப்போடு பிளாட்டினம் மூசையில் 1000 டிகிரியில் உருக்கி, சூட்டோடு 5% நைட்ரிக்கில் கொட்டினேன். சரியாகிவிட்டது. அந்தக் கரைசலில் உப்பு அதிகம், நன்றாக நீர்க்க வையுங்கள்.

உங்கள் அளவீட்டில் யூரோப்பியம் தூக்கலாக இருப்பது வேறு கதை. நிறை எண் 135 கொண்ட பேரியம், ஆக்சிஜனோடு (16) சேர்ந்து யூரோப்பியம் 151 ஆக நடிக்கும். நேர்மின் அயனிகளைப் பிடித்துவைக்கும் கேட்டயன் ரெசின் நிரப்பிய குழாயில் 2 மோலார் நைட்ரிக்கால் பேரியத்தை முதலில் கழுவிவிட்டு, பிறகு அடர் அமிலத்தில் யூரோப்பியம் போன்ற அருமண் தனிமங்களை இறக்குங்கள்.

ஹைட்ரோபுளோரிக் அமிலம் தோலில் பட்டால் தடவும் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதுதானே?