ரோபோ ஃபிரேம் எதில் போடலாம்? கேட்டவர்களுக்குப் பதில்

கே: அண்ணா, 15 கிலோ ரோபோவாருக்கு (ரோபோக்கள் மோதிக்கொள்ளும் போட்டி) ஃபிரேம் போடுகிறோம். ஒர்க்‌ஷாப்பில் எம்.எஸ். (மைல்டு ஸ்டீல், சாதாரண இரும்பு) தகடு சும்மா கிடக்கிறது, அதையே போட்டுவிடலாமா?

சும்மா கிடைத்ததை எல்லாம் போட்டால் தராசில் ஏற்றும்போது அழ வேண்டிவரும் தம்பி. 30 செ.மீ. சதுரத்தில் 3 மி.மீ. இரும்புத் தகடு 2.1 கிலோ. அதே அளவு அலுமினியம் 730 கிராம்தான், ஆனால் மூன்றில் ஒரு பங்கு விறைப்புதான் இருக்கும், சுலபமாக வளையும். அதனால் 5 மி.மீ. எடுங்கள், 1.2 கிலோ வரும். விறைப்பு தடிமனின் முப்படியாக ஏறும் (தடிமன் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்கு) என்பதால் அது அந்த 3 மி.மீ. இரும்பைவிடக் குறைவாகத்தான் வளையும். மிச்சமான எடையை ஆயுதத்தில் போடுங்கள். அடி நேராக விழும் முன்பக்கத்துக்கு மட்டும் இரும்பு.

கே: அலுமினியக் கலவையில் 6061 ரகமா, 7075 ரகமா?

முதலில் கடைக்காரர் எதைத் தருகிறார் என்று பாருங்கள், ஜன்னல் செக்‌ஷன் பெரும்பாலும் 6063 ரகம், பலம் குறைவு. 7075-டி6 (டி6 என்றால் சூடாக்கிப் பலமேற்றியது) நிரந்தரமாக வளையாமல் கிட்டத்தட்ட 500 மெகாபாஸ்கல் அழுத்தம் தாங்கும், 6061-டி6 சுமார் 275. ஆனால் 7075-ஐ வெல்டிங் வைக்க நினைக்காதீர்கள், விரிசல் விடும். 6061-ஐ வைக்கலாம்தான், என்ன, வெல்டிங் சூட்டில் பக்கத்து உலோகத்தின் பலம் பாதிக்கு அருகில் போய்விடும். எங்கள் முதல் ஃபிரேமில் வெல்டிங் கோடு ஜம்மென்று நின்றது, அதற்கு ஒரு விரல் தள்ளித் தகடு கிழிந்தது! அன்றிலிருந்து போல்ட்தான்.

கே: அக்ரிலிக்?

வேண்டாம். கண்ணாடி மாதிரி உடையும்.

கே: அப்போ பாலிகார்பனேட்?

நல்லது, ஆனால் போல்ட் கழலாமல் இருக்க லாக்டைட் பசை விடுவீர்களே, அது பட்டால் ஓட்டையைச் சுற்றி வெடிப்பு ஓடும். அதற்குப் பதில் நைலாக் நட்டு (உள்ளே நைலான் வளையம் வைத்தது, தானாகக் கழலாது) போடுங்கள்.

கே: எங்களுடையது ஒன்றரைக் கிலோ ரோபோதான், பட்ஜெட்டும் இல்லை.

பாத்திரக் கடையில் வெள்ளைக் காய் வெட்டும் பலகை வாங்குங்கள், கேலி இல்லை. அது பெரும்பாலும் எச்டிபிஇ என்ற பிளாஸ்டிக், தண்ணீரில் மிதக்கும் எடை, அடி விழுந்தால் வளைந்து கொடுத்துத் திரும்பிவிடும். மோட்டாரை மட்டும் அதில் நேரடியாகப் பூட்டாதீர்கள், பலகை வளையும்போது கியர் பல் விலகும். சின்ன அலுமினியத் துண்டில் பூட்டி, அந்தத் துண்டைப் பலகையில் மாட்டுங்கள்.

கே: கார்பன் ஃபைபர்?

விறைப்பில் அருமை. ஆனால் மின்சாரம் கடத்தும், பேட்டரி ஒயர் உரசினால் ஷார்ட், ரிமோட் சிக்னல் வாங்கும் ரிசீவரை மூடினால் சிக்னலும் போகும். அறுக்கும்போது மாஸ்க் கட்டாயம். லைன் ஃபாலோவர் (தரையில் போட்ட கோட்டைப் பின்தொடரும் சின்ன ரோபோ) செய்பவர்களுக்கு இதெல்லாம் எதற்கு, பிசிபி-யையே (சர்க்யூட் பலகை) ஃபிரேமாக வைத்துவிடுங்கள்.