மாற்றுத்திறனாளி அட்டை இருந்தும் சொக்சோ ஓய்வூதியம் ஏன் வரவில்லை?

அந்த அட்டைக்காக ஓய்வூதியம் தானாக வராது, சகோதரி. அட்டையைத் தருவது சமூகநலத் துறை; இயலாமை ஓய்வூதியத்தைத் தருவது சொக்சோ, அதாவது மலேசியத் தொழிலாளர்களின் சமூகப் பாதுகாப்பு அமைப்பு. பக்கவாதத்தால் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை வேலையை விட்ட உங்கள் கணவருக்காகச் சொக்சோவில் தனியாக மனுச் செய்ய வேண்டும். அட்டை வந்து ஐந்து மாதம் ஆகிவிட்டது என்கிறீர்கள். இனி ஒரு மாதமும் தள்ளாதீர்கள்.

காரணம் இதுதான். முழு ஓய்வூதியத்துக்கு, இயலாமை அறிவிப்பு சொக்சோவுக்குக் கிடைத்த மாதத்துக்கு முந்தைய 40 மாதங்களில் 24 மாதச் சந்தா (சம்பளத்தில் பிடித்துச் சொக்சோவுக்குக் கட்டும் தொகை) இருக்க வேண்டும். வேலையில்லாமல் வீட்டில் கழியும் ஒவ்வொரு மாதமும் அந்தக் கணக்கைக் கரைக்கிறது. தவறினால் முழு ஓய்வூதியத்துக்கே இன்னொரு கணக்கும், குறைந்த ஓய்வூதியத்துக்கு வேறு கணக்கும் உண்டு.

1. சொக்சோ கிளையில் அவருடைய அடையாள அட்டையைக் காட்டிச் சந்தா விவரத்தைக் கேளுங்கள். சம்பளத்தில் பிடித்த மாதங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

2. மருத்துவ அறிக்கையில் "பக்கவாதம்" என்ற ஒற்றைச் சொல் போதாது. என் அண்ணனின் முதல் அறிக்கை அப்படித்தான் இருந்தது. வலக்கையால் சட்டைப் பொத்தான்கூடப் போட முடியவில்லை என்பதை மருத்துவரிடம் சொல்லி எழுதி வாங்கினோம்.

முடிவு மருத்துவர் குழுவின் கையில். நிராகரித்தால் 90 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். வேலை நேரத்தில் நேர்ந்த விபத்து என்றால் அது வேறு திட்டம். அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.