அடுப்பைப் பிரியுங்கள், வீட்டை இப்போது வேண்டாம்

கேள்வி: எனக்கு 63 வயது. மண்டபம் பக்கம் கடற்கரைக் கிராமம். கணவர் தவறி இரண்டு வருடம் ஆகிறது. அவர் சொந்த உழைப்பில் கட்டிய வீட்டில் 84 வயது மாமியார், விசைப்படகில் கடலுக்குப் போகும் மூத்த மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள், குவைத்திலிருந்து திரும்பி வந்த 29 வயது இளைய மகன் என எல்லோரும் இருக்கிறோம். எனக்கும் மருமகளுக்கும் தினமும் அடுப்படிச் சண்டை. வீட்டைத் தன் பேருக்கு எழுதித் தரச் சொல்கிறான் மூத்தவன். சென்னையில் இருக்கும் மகள், "பேசாம இங்க வந்துரும்மா" என்கிறாள். மகன்கள் இருக்கும்போது மகள் வீட்டில் போய் உட்கார்ந்தால் ஊர் என்ன பேசும்? (கடிதம் சுருக்கப்பட்டது.)

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ராமநாதபுரம் மாவட்டம்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் மே மாதத் தேதி இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் நிற்க, மகன் பகல் முழுக்க வீட்டில். பிள்ளைகளுக்கும் விடுமுறை. குடும்பத்துக்கு அரசு தரும் 8,000 ரூபாய் நிவாரணத்தை வைத்து இரண்டு மாதம் ஓட்ட முடியாது. கடன் வாங்காத வீடு உங்கள் தெருவில் எத்தனை இருக்கும்? இந்த நேரத்தில் யார் வாயிலிருந்தும் நல்ல சொல் வராது. பெரிய முடிவு எதுவானாலும் படகு திரும்பக் கடலில் இறங்கி, நாலு காசு வந்த பிறகு எடுங்கள்.

வீட்டு விஷயம் மட்டும் இப்போதே தெரிந்துகொள்ள வேண்டியது. உங்கள் கணவர் உயில் எழுதவில்லை என்கிறீர்கள். அப்படியானால் 1956ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அவர் சுயமாகச் சம்பாதித்த வீடு மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மட்டுமில்லை, அவரைப் பெற்ற தாய்க்கும் சேரும். நீங்கள், மாமியார், இரண்டு மகன்கள், மகள் என ஐந்து பேருக்கும் சமபங்கு. மூத்தவன் கேட்டான் என்று முழு வீட்டையும் எழுதிக் கொடுக்க உங்களால் முடியவே முடியாது. உங்களிடம் இருப்பது ஐந்தில் ஒன்று. இதை அவனிடம் கோபப்படாமல் சொல்லுங்கள். தாலுகா ஆபீஸில் வாரிசுச் சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அதில் ஐந்து பேரும் இருப்பார்கள்.

உங்கள் பங்கையும் அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். உயில் என்றால் உயிரோடு இருக்கும்வரை மாற்றலாம். தானமாகப் பதிந்து கொடுத்துவிட்டால் நினைத்தபோது திரும்ப வாங்க முடியாது. என்றாவது கொடுத்தே தீர வேண்டும் என்று வந்தால், "கடைசிவரை என்னைப் பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனை பத்திரத்திலேயே இருக்கட்டும். அது இருந்தால், பார்த்துக்கொள்ளாதபோது 2007ஆம் வருட மூத்த குடிமக்கள் சட்டப்படி கோட்டாட்சியரிடம் போய் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யச் சொல்லலாம். வாய்ப்பேச்சு அங்கே எடுபடுவது கஷ்டம்.

அடுப்படிக்கு வருவோம். காலையில் மருமகள் பிள்ளைகளுக்கு இட்லி ஊற்றும் அதே நேரத்தில் நீங்கள் மாமியாருக்குக் கஞ்சி வைக்கிறீர்கள். நீங்கள் மொட்டை மாடியில் நெத்திலி காயப்போட்டால் அவள் துவைத்த துணியில் வாடை பிடிக்கிறது. இரண்டு பேர் மேலும் எனக்குத் தப்பு தெரியவில்லை. பின்பக்கம் தகரக்கூரை இறக்கி ஒரு சின்ன அடுப்படி, ஐந்து கிலோ சிலிண்டர், உங்களுக்கும் மாமியாருக்கும் தனி உலை. ஒரே வாசல்தான், பேரப்பிள்ளைகள் இரண்டு பக்கமும் சாப்பிடுவார்கள் (உங்கள் பக்கம்தான் அதிகம் சாப்பிடுவார்கள், பாருங்கள்). பின்னால் தனி ரேஷன் கார்டு கேட்டாலும், தனிச் சமையல் இருக்கிறதா என்றுதான் முதலில் வந்து பார்ப்பார்கள்.

மகள் வீட்டுக்குப் போகலாமா என்றால், தாராளமாகப் போகலாம். ஊர் பேசும் என்கிறீர்கள். உங்கள் மாவட்டத்திலேயே கீழக்கரையில், முஸ்லிம் குடும்பங்களில் கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து தங்குவது பரம்பரை வழக்கம். அங்கே தாய் மகளோடு இருப்பதை யாரும் கேவலமாகப் பேசுவதில்லை. ஆனால் குடிபெயர்ந்து போகாதீர்கள், ஒரு மாதம் இருந்துவிட்டு வாருங்கள். மகளும் மருமகனும் வேலைக்குப் போனபின் நாலு சுவருக்குள் பகல் முழுக்கத் தனியே இருக்க உங்களுக்கு ஒத்துவருகிறதா என்பது அங்கே இருந்து பார்த்தால்தான் தெரியும். ரேஷன் கார்டில் பெயரை மாற்றாதீர்கள்.

கடிதத்தில் ஒரே வரியில் வந்து போகிறார் உங்கள் மாமியார். நீங்கள் சென்னைக்குக் கிளம்பினால் அவரைக் குளிப்பாட்டுவது யார்? மருமகள் தலையில்தான் விழும், அடுத்த சண்டை அதில்தான் ஆரம்பிக்கும். அவருக்கும் வீட்டில் பங்கு இருக்கிறது, வாயும் இருக்கிறது. அவரிடம் கேளுங்கள். ஒரு மாதம் பார்த்துக்கொள்ள முடியுமா என்று மருமகளிடமும் நேரே கேளுங்கள், மகன் மூலமாகச் சொல்லி அனுப்பாதீர்கள்.

அப்புறம், சின்னவனுக்குப் பெண் பார்க்கிறீர்களாமே. அந்தப் பெண்ணுக்கு எந்த அறை, அவள் எந்த அடுப்பில் சமைப்பாள் என்பதை நிச்சயத்துக்கு முன்னாலேயே மூத்த மருமகளையும் உட்கார வைத்துப் பேசி முடித்துவிடுங்கள்.