கேளுங்கோ, சொல்லுறம்: செத்தவைக்காக ஒரு ஆட்டம்

கேள்வி: ஜப்பானில் ஒகினாவாத் தீவில் வேலை செய்யும் என் பெறாமகன் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினான். பெடியள் மேளம் அடித்தபடியே தெருவில் துள்ளி ஆடுகிறார்கள். செத்தவர்களுக்காக ஆடுவதாம். இவ்வளவு கொண்டாட்டமாகவா?
- வாசகி, கோண்டாவில்

பதில்: பெறாமகன் சொன்னது சரிதான். அதன் பெயர் எய்சா. பழைய சந்திரக் கணக்கில் ஏழாம் மாதம் 13 தொடக்கம் 15 வரை முன்னோர் வீட்டுக்கு வந்து போவதாக அங்கே நம்பிக்கை. பல வருடங்களில் நாங்கள் ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் முழுகி இரண்டு கிழமையில் அது வந்துவிடும். வந்தவர்களைக் கடைசி இரவில் வழியனுப்பத்தான் இந்த மேளம். வீட்டுக்கு வந்த ஆட்களை அழுதுகொண்டா அனுப்புவது?

வீடியோவை இன்னொருமுறை போட்டுப் பாருங்கள். கையில் இருக்கும் சின்ன மேளம் பாரங்கு. ஒரு பக்கம்தான் தோல். இடக்கையில் பிடித்துக் குச்சியால் அடிப்பது. பெரிய மேளத்தைத் துணியால் தோளில் மாட்டியிருப்பார்கள். ஓர் அடி விழும், குச்சிக் கை வானத்துக்குப் போகும், முழங்கால் உயரும், ஆள் மேளத்தோடு சேர்ந்து சுழன்றுவிடுவார். பின்னால் பாடுகிறவர்கள் கையில் பாம்புத்தோல் போர்த்த மூன்று நரம்புச் சான்ஷின். முகத்தில் வெள்ளை பூசிக்கொண்டு குறும்பு பண்ணித் திரிகிறவர் எங்கள் கூத்துப் பபூன் மாதிரித்தான். ஆனால் வரிசை குலையாமல் பார்ப்பதும் அவர்தான்.

ஒன்று சொல்லவேண்டும். முன்பு ஒகினாவாவிலும் செத்தவீட்டில் புத்தர் நாமம் பாடி மணி அடித்தவர்களை பழைய தலைநகரான ஷூரிக்கு வெளியே தள்ளித்தான் வைத்திருந்தார்கள். அந்தப் பாட்டு எய்சாவின் வேர்களில் ஒன்று. இன்று மேளத்தைத் தோளில் போடுவது ஊர் இளைஞர் சங்கம். 'இது இன்னாருடைய வேலை' என்று யாரும் ஒதுங்குவதில்லை. நாங்களோ பறையைச் செத்தவீட்டுப் படலைக்கு வெளியே நிறுத்தினோம், அடித்தவரையும் சேர்த்து. இப்போது மேடையில் பறை வந்தால் கைதட்டுகிறோம். அதே பறையை எங்கள் வீட்டுப் பிள்ளை பழகப் போகிறேன் என்றால் முகம் மாறுகிறதே!

அங்கேயும் மேடை வந்தது. 1956இல் கோசா நகரில் போட்டி வைத்தார்கள். மார்க் வந்தால் தெரியும்தானே, மேளங்கள் கூடின, உடுப்புப் பகட்டானது. 1977இல் போட்டியை விட்டு விழாவாக்கினார்கள். நல்ல வேலை. எங்கள் பள்ளிக்கூடக் கோலாட்டப் பிள்ளைகள் நடுவர் மேசையைப் பார்த்தே சிரிப்பதை என்னால் பார்க்க முடியவில்லை.

அந்த விழா முன்னோரை அனுப்பிய பிறகு வரும் வாரக் கடைசியில், மைதானத்தில். பெறாமகனிடம் சொல்லுங்கள், அதற்கு முந்திய இரவுகளில் ஏதாவது ஊருக்குள் போய் ஒழுங்கையில் நின்று பார்க்கட்டும்.

கேள்வி: பெண்கள் அடிப்பார்களா?
- மாணவி, சாவகச்சேரி

பதில்: முன்பு ஆண்களுக்கு மேளம், பெண்களுக்குக் கையசைத்து ஆடும் ஆட்டம். இப்போது பல குழுக்களில் பெட்டையளும் அடிக்கிறார்கள். ஏன், தவில் பழகப் போகிறீர்களோ?